ஒரு இடத்தில் நிற்காதவள்

"இந்த இடத்தையும் விட்டுட்டு ஓடினேன்னு வை, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே," என்றாள் பினாயில் அக்கா.

அது பிள்ளைகள் வைத்த பெயர். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைகளைக் கழுவிக் கழுவி அந்த வாடை அவள் கையிலேயே தங்கிவிட்டது. சோப்புப் போட்டாலும் போகாது.

அவளோடு கூட வேலை செய்யும் சின்னவள் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. இதற்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடங்களில் அக்காதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். இரண்டிலும் இவள் பாதியில் வேலையை விட்டு நின்றுவிட்டாள். காரணம் கேட்டால் வாயில் கொழுக்கட்டை. வேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

"இன்னிக்குச் சாயங்காலம் பெரிய மேடம் உன்னை நிரந்தரமாக்கப் போறாங்க. அதுக்கு நான் எத்தனை நாள் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன் தெரியுமா? லீவுல கூட சம்பளம் வரும். முன்னாடி ஆஸ்பத்திரியில ரத்தம் துடைச்சியே, அதுக்கு இது எவ்வளவோ தேவலை."

"சரிக்கா."

"இந்தச் சரிக்காவை அங்கேயும்தான் சொன்னே. ஒரு இடத்துல நிக்கிற காலா அது? எவனாவது பின்னாலேயே வந்து தொல்லை குடுக்கறானா?"

சின்னவள் சிரித்து மழுப்பினாள். வீட்டுப் பேச்சை எடுத்தாலே இப்படித்தான். தனிக்கட்டை என்று அக்காவே முடிவு கட்டிக்கொண்டாள்.

"அப்புறம், துடைக்கும்போது வகுப்பு ஜன்னலையே பாத்துக்கிட்டு நிக்கறதை விடு. படிக்காத ஏக்கம் எனக்கும்தான் இருக்கு. அதுக்காக?"

ஆறாம் வகுப்புக் கதவு திறந்தது. ஒரு பையன் வெளியே வந்து விழாத குறையாக நின்றான். ஷூ நாடா இரண்டும் அவிழ்ந்து கிடந்தன.

"ஒரு இடத்துல உக்கார முடியுதா உன்னால? நீ வெளியில நின்னாத்தான் மத்தவங்க படிக்க முடியும்," என்ற டீச்சரின் குரலோடு கதவு சாத்திக்கொண்டது.

பையன் சுவரைத் தட்டினான். கைப்பிடிக் கம்பியில் தொங்கினான். பிறகு சின்னவளிடம் வந்து, "இந்தத் துணியை நான் பிழியட்டா? அழுக்குத் தண்ணி எங்க போகும்? கடலுக்கா?" என்றான்.

"பிழி. மெதுவா அழுத்து, மூஞ்சியில தெறிக்கும்." சின்னவள் அவன் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"இடம் குடுக்காதே, தலையில ஏறிக்குவான்," என்றாள் அக்கா. "ஒண்ணைப் பெத்து வளத்திருந்தா உனக்குத் தெரியும்."

பெரிய மேடம் வேகமாக வந்தார். பையனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"அட்மிஷன் கேட்டு ரெண்டு பேர் வந்துட்டாங்க. இவனைக் கூட்டிட்டுப் போய் உங்க ரூம்ல உக்கார வைங்க."

"அது துடைப்பம் வைக்கிற ரூம்ங்க மேடம்," என்றாள் சின்னவள்.

"தெரியும்."

மேடம் போனதும் அக்கா அவள் காதைக் கடித்தாள். "எதுத்தா பேசறே? அவன் வழக்கமா உக்கார்ற இடம்தான். பக்கெட்டைக் கவுத்துப் போட்டா சிம்மாசனம். போ."

ஜன்னல் இல்லாத அறை. ஈரத் துணிகளும் ஆசிட் கேன்களும் மூச்சை அடைத்தன. பையன் தானே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

"கதவைச் சாத்திடுங்க ஆன்ட்டி," என்றான். "திறந்திருந்தா எனக்கு எந்திரிக்கணும்னு தோணும். எந்திரிச்சா திட்டுவாங்க."

சின்னவள் அவன் ஷூ நாடாக்களைக் கட்டிவிட்டாள். கதவைச் சாத்தாமல் வந்தாள். பின்னால் அவனே சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மேடம் அறைக்கு வெளியே தரை ஏற்கெனவே பளிச்சென்று இருந்தது. சின்னவள் அதையே மறுபடியும் துடைத்தாள். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே காதைத் தீட்டினாள்.

"ஏடிஹெச்டின்னு டாக்டர் சொல்றார் மேடம்," என்றது உள்ளே ஒரு பெண் குரல். "புத்தியில குறையே இல்லை. கவனம்தான் நிக்காது, உக்கார முடியாது. நாங்க ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை."

"கவலைய விடுங்கம்மா. இங்க எந்தப் பிள்ளையையும் வகுப்பை விட்டு வெளியே அனுப்பறது கிடையாது. அவனுக்குன்னு கொஞ்சம் பொறுமையா சொல்லிக் குடுப்போம். எல்லாரோடயும் ஒண்ணா உக்காருவான்."

அந்தப் பெண் அழுவது கேட்டது.

"பாவம், ஒரு வழியா இடம் கிடைச்சுது," என்றாள் அக்கா.

சின்னவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பள்ளி விடும் நேரத்தில் அக்கா அவளைத் தேடித் துடைப்ப அறைக்குப் போனபோது, துணியை அலசிக் காயப்போட்டிருந்தாள். கையுறைகளைக் கழற்றி, மடித்த வேலைக்கோட்டின் மேல் வைத்திருந்தாள்.

"மேடம் கூப்பிடறாங்க. இது என்னடி கோலம்?"

"நான் நின்னுக்கறேன்க்கா."

அக்கா குரலை உயர்த்தினாள். "உனக்காகப் பேசின என் மானத்தை வாங்கறதுக்குன்னே பிறந்தியா? உன்னை ஒரு வார்த்தை திட்டினாங்களா? கை நீட்டினாங்களா? என்ன குறை கண்டே இங்க? இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கடி கிடைக்கும் உனக்கு?"

சின்னவள் அறைக்குள் கவிழ்ந்து கிடந்த பக்கெட்டை நிமிர்த்தி ஓரமாக வைத்தாள்.

"அதைத்தான்க்கா நானும் தேடறேன். என் பையன் வர்ற வருஷம் ஆறாவது, அவனாலயும் ஒரு இடத்துல உக்கார முடியாது. நாலு இடத்துல வாசல் வழியா போய்க் கேட்டேன், எல்லாரும் இன்னிக்கு மேடம் சொன்னதைத்தான் சொன்னாங்க. அதான் துடைப்பத்தோட உள்ள போய்ப் பாக்கறேன்."

சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது ஆள் கேட்டா சொல்லுங்கக்கா."