நடு நாற்காலி

“பல்லு தெரியக் கூடாதும்மா. மூணு தலைமுறையா எங்க குடும்பத்துல யாரும் படத்துல பல்லக் காட்டினதில்ல.”

செம்மண்டலத்தில் இளமதி நடத்தும் ஸ்டூடியோவில், நடு நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார் ராமாமிர்தம். சுற்றிலும் மனைவி, இரண்டு மகன்கள், மருமகள்கள். மூன்று வயதுப் பேரன் பூவரசன் மட்டும் அம்மா கலைமணியின் முந்தானையைப் பிடித்து வீறிட்டுக்கொண்டிருந்தான்.

கலைமணியின் அப்பா கோவிந்தசாமி, சிதம்பரத்தில் தன் கூடத்துக் குடும்பப் படத்தைக் காட்டி, “உங்க வூட்டுல இப்படி ஒண்ணு இல்லியா சம்பந்தி?” என்று கேட்ட நாளிலிருந்து ராமாமிர்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. சம்பந்தி வாசலில் கால் வைக்கும்போது, அதைவிடப் பெரிய படம் சுவரில் இருந்தாக வேண்டும்.

இளமதி கிலுகிலுப்பையை ஆட்டினாள். சோப்புக் குமிழி ஊதினாள். செல்போனில் பொம்மைப் படம் ஓடவிட்டாள். அழுகை ஏறியதே தவிர இறங்கவில்லை.

“அதுக்கெல்லாம் அவன் மசிய மாட்டான்” என்றார் ராமாமிர்தம்.

“அப்ப, தம்பிய அப்புறமா தனியா எடுத்துச் சேத்துடட்டுமா ஐயா? தெரியவே தெரியாது.”

“ஒட்டுப் படமா? எங்க வூட்டுச் செவுத்துல பொய் தொங்காது.”

“சரிங்கய்யா. வூட்டுல இவன் யாரப் பாத்தா சிரிப்பான்? அவுங்க கேமராவுக்குப் பின்னாடி வந்து நின்னாக்கூடப் போதும்.”

பெரிய மகன் மின்விசிறியைப் பார்த்தான். “அது வந்து மேடம்…” என்று கலைமணி தொடங்க, ராமாமிர்தம் செருமினார். அவள் அடங்கிவிட்டாள்.

“பதினோரு மணிக்கு வேற கொழந்த வருதுங்கய்யா. அப்புறம் திங்கக்கெழமதான்.”

ராமாமிர்தம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால்.

“கதவச் சாத்தும்மா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்தில் நாலடி அகலத்துக்குப் படம் தொங்கியது. கோவிந்தசாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பேரன் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். மகன்கள், மருமகள்கள், ராமாமிர்தத்தின் மனைவி உட்பட ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. நடு நாற்காலி மட்டும் காலி.

“என்ன சம்பந்தி, தலக்கட்டையே காணுமே?”

“அது எங்கப்பா எடம்” என்றார் ராமாமிர்தம், மீசையை நீவியபடி. “அவருக்காகக் காலியா வுட்டது. அதுல நான் ஒக்காந்தா மரியாதையா இருக்காது.”

கோவிந்தசாமி காலி நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினார். “இது தோணாமப் போச்சே எனக்கு. கௌரவம்னா இதுதான் சம்பந்தி.”

ராமாமிர்தத்தின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

அப்போது, புதுக் கடுக்கனோடு மாமன் மடியில் தேம்பிக்கொண்டிருந்த பூவரசன் தாத்தாவைப் பார்த்துவிட்டான். இறங்கி ஓடி வந்து, தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, சபை நடுவே அவர் வாய்க்கு நேராக நீட்டினான்.

“தாத்தா, போட்டோக் கடையில செஞ்ச மாதிரி நாலு கால்ல நின்னு, ‘மே’ சொல்லிட்டுத் தின்னு.”