தூண்டிவிடும் வைத்தியம்

“இன்னும் நல்லா ஏமாத்துங்க கொழுந்தனாரே. அவரு கண்ணு முழிக்கணும்,” என்றாள் கார்மேலா.

தொனாத்தோ அண்ணனின் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் சீட்டைக் கலைத்தான். ஆலிவ் மரத்து ஏணியிலிருந்து விழுந்த ஜெரார்தோ மூன்று வாரமாகக் கண் திறக்கவில்லை. சனிக்கிழமைக்குள் ஓர் அசைவும் இல்லாவிட்டால் மலைக்கு அப்பாலுள்ள காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். இன்று வெள்ளி.

“தூண்டிவிட்டுக்கிட்டே இருங்க,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் டாக்டர்.

“முப்பது வருஷமா நான் அதைத்தானே செஞ்சேன். வீட்டுல அதுக்குப் பேரு நச்சரிப்பு, இங்க வைத்தியம்,” என்றாள் அவள்.

மூக்கடியில் காப்பியைக் காட்டியாயிற்று. நாத்தனார் ரொசீனா, திருவிழா பேண்டு வாத்தியத்தை போனில் அலறவிட்டாள். பாதிரியார் ஒரு மணி நேரம் ஜெபித்து, கடைசியில் அவரே தூங்கிப்போனார். ஜெரார்தோ மட்டும் அசையக் காணோம்.

பக்கத்துக் கட்டில்காரரும் நினைவில்லாமல்தான் கிடந்தார். பார்க்க வர நாதியில்லாத மனிதர் என்பதால், குடும்பத்தார் எல்லாருடைய கோட்டும் அவர் மேலேதான் கிடந்தது. ரொசீனாவின் கோட்டு இரண்டாம் முறையாகக் கீழே விழ, “வழுக்குற துணி, நிக்க மாட்டேங்குது,” என்று முணுமுணுத்தபடி எடுத்துப் போட்டாள்.

கடைசி அஸ்திரம்தான் இந்தச் சீட்டு. ஜெரார்தோ எதை வேண்டுமானாலும் பொறுப்பார், தம்பியின் கள்ளாட்டத்தை மட்டும் பொறுக்கமாட்டார். அந்தக் கோபத்தில் வீட்டில் இரண்டு மேசை உடைந்திருக்கிறது.

“தங்க ஏழு எங்க?” கார்மேலா உரக்கக் கேட்டாள். ஆட்டத்திலேயே பெரிய சீட்டு அது.

“எனக்கென்ன தெரியும் அண்ணி?” தொனாத்தோ உதட்டைப் பிதுக்கினான்.

“அவன் சட்டைக் கைக்குள்ள இருக்கு.”

கரகரத்த ஆண்குரல். கார்மேலா ஓவென்று அழுதபடி கணவனைக் கட்டிக்கொண்டாள். “பேசிட்டாரு, என் ராசா பேசிட்டாரு. டாக்டரைக் கூப்பிடுங்க.”

ரொசீனா வாசலுக்கு ஓடினாள். தொனாத்தோவின் சட்டைக் கையிலிருந்து தங்க ஏழு நழுவி விழுந்தது.

ஆனால் ஜெரார்தோவின் கண் மூடியபடியேதான் இருந்தது, உதடும் பிரியவில்லை. ரொசீனாவின் கோட்டு மூன்றாம் முறையாகத் தரையில் விழுந்தது.

“அவரை விடும்மா. முதல்ல என் மேல கிடக்கிற மூட்டையை எடு.”