படிக்கட்டு வேட்டைக்காரர்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் என் மாமனாரின் பழைய மாளிகை. அதன் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு வேட்டைக்காரரின் தைல ஓவியம் தொங்குகிறது. சிவப்புக் கோட்டு, கையில் ஊதுகொம்பு. அவர் இறந்து நூற்றைம்பது வருடமாகிறது. என் மனைவி ஹெஸ்டர் இறந்து ஐந்து வாரமாகிறது. நரி வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தாள்.

முதல் வேட்டைக்குப் போகும் குழந்தையின் கன்னங்களில் நரி ரத்தம் பூசுவது இங்கே வழக்கம்.

இன்று காலை என் நான்கு வயது மகள் வின்னி இரு கன்னங்களிலும் சிவப்போடு சாப்பிட வந்தாள்.

“ஜாம் பாட்டிலுக்குள்ள தலைய விட்டியாடி, திருடி?” என்றாள் சமையல்காரி டிராண்டர்.

“ஜாம் இல்ல. படிக்கட்டு மாமா பூசிவிட்டாரு. இன்னைக்கு நானும் வேட்டைக்கு வரணுமாம்.”

துடைத்துவிட்டேன். கைக்குட்டையில் ஓவியச் சாயத்தின் எண்ணெய் வாசனை வந்தது.

டிராண்டர் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். “ஹெஸ்டரம்மா கன்னத்துலயும் அன்னைக்குக் காலையில இருந்துச்சு, ஐயா. குளிருக்குச் சிவந்திருக்குன்னு நெனச்சேன்.”

பெட்டி கட்டவில்லை. லண்டன் ரயிலைப் பிடிக்க வின்னியைத் தூக்கிக்கொண்டு வாசல் கதவைத் திறந்தேன்.

வெளியே ஒரு மட்டக்குதிரை சேணத்தோடு நின்றது. எங்கள் லாயத்தில் மட்டக்குதிரையே கிடையாது. மிதித்து ஏறும் அங்கவடிகள் வின்னியின் கால் எட்டும் உயரத்தில் கட்டப்பட்டிருந்தன.