பட்ஜெட்டைத் தாண்டியவளுக்கு மாலை

"பட்ஜெட்டைத் தாண்டுனதுக்கு இன்னைக்கு எனக்கு மாலை போட்டு யானை மேல ஏத்துவாங்க, பாருங்க!" என்றாள் பெருந்துறை மில் கேன்டீன் மேனேஜர் தேஜஸ்ரீ, இட்லி வைத்தபடி.

கணவன் சசிதர் சிரித்தான். "அரிசி, காய்க்குத் தினம் ஐயாயிரம்னா நீ ஏழாயிரம் செலவு பண்ணியிருக்கற. வேலையே போயிரும் அம்மணி."

"அந்த ஐயாயிரம் நூறு சாப்பாட்டுக்குங்க. புது ஷிப்ட் வந்து நூத்தம்பது பேர் சாப்பிடறாங்க. அதுக்கு எவ்வளவு ஆகோணும்?"

இட்லியைப் பிய்த்த சசிதரின் கை நின்றது. "ஏழாயிரத்து ஐநூறு... அட, நீ ஐநூறு மிச்சம் புடிச்சிருக்கற!"

அன்று மில் மீட்டிங்கில், தேஜஸ்ரீயும் உட்கார்ந்திருக்க, முதலாளி கேட்டார்: "கேன்டீன் மேல மெமோ எழுதுன அக்கவுண்ட்ஸ் ஆபீசர் யாருங்க?"

சசிதர் எழுந்தான். "நான்தாங்க. எத்தனை பேர் சாப்பிடறாங்கன்னு பாக்காம எழுதிட்டனுங்க" என்று மெமோவைக் கிழித்தான். முதலாளியை வரவேற்க வாங்கி மேசையில் வைத்திருந்த மாலையை எடுத்து மனைவியின் கழுத்தில் போட்டான்.

"யானைதான் கிடைக்கல அம்மணி. மாலை நீ சொன்னபடியே விழுந்துருச்சு."