ஜெபத்துக்கு விடுமுறை

"உன் ஜெபக் கூட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுக்கா."

ஹெலன் பிளாஸ்கை மேசையில் வைத்துவிட்டுத் தம்பியை முறைத்தாள். "என்னடா பேசறே? லிங்கராஜபுரத்துல அத்தனை பொம்பளைங்க உன் பொண்ணுக்காக உபவாசம் இருக்காங்க."

"அதான் சொல்றேன். போய்ச் சாப்பிடச் சொல்லு."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் மகள் மலர் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. தலை முழுக்கக் கட்டு. அதிலிருந்து ஜடை போல ஒயர்கள். சுவரில் இருந்த கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பரிசோதனை சரியாக முடிந்தால்தான் மூளையில் ஆபரேஷன். ஆபரேஷன் நடந்தால்தான் வலிப்பு நிற்க வழி உண்டு. நாளைக் காலை கட்டிலைக் காலி செய்ய வேண்டும்.

"வாரம் தவறாம வந்த ஃபிட்ஸு, இங்க வந்து நாலு நாளா எட்டிப் பார்க்கல. மாத்திரையக் குறைச்சும் வரல. இதுக்கு என்ன சொல்றே?" என்றாள் ஹெலன்.

கிளாரன்ஸ் கார்ட்டூன் ஓடிய போனை மகள் பக்கம் நகர்த்தினான். காரணத்தைச் சொன்னால் அக்கா இங்கேயே ஒப்பாரி வைப்பாள்.

மலர் கொட்டாவி விட்டாள். அவன் அவள் தோளைத் தட்டினான். "தூங்காத கண்ணு. இன்னொரு கார்ட்டூன் பாரு."

"ராத்திரியும் தூங்க விடலியாமே, நர்ஸு சொன்னாங்க. நீ அப்பனா, போலீஸ்காரனா?"

"அப்பா, வயித்துலேர்ந்து என்னமோ மேல ஏறுது" என்றாள் மலர்.

அவ்வளவுதான். பார்வை ஓரிடத்தில் நிலைத்தது. வாய் வெறுமனே மென்றது. விரல்கள் கவுனைப் பிய்த்தன.

"இயேசப்பா" என்று ஹெலன் சுவரோடு சாய்ந்தாள்.

கிளாரன்ஸ் கட்டிலோரப் பொத்தானை அழுத்தினான். போர்வையை விலக்கினான். கேமராவை மறைக்காமல் தள்ளி நின்று, மகளின் கையை மட்டும் பிடித்துக்கொண்டான். நர்ஸ் ஓடி வந்து மலரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மலர் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

"எல்லாம் உன் வாய்டா" என்று ஹெலன் விசும்பினாள். "நிறுத்து நிறுத்துன்னியே, வந்துடுச்சு பாரு."

கதவைத் திறந்து டெக்னீஷியன் தலையை நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. "சிக்கிருச்சு சார். ஃபிட்ஸு மூளையில எந்த இடத்துலேர்ந்து கிளம்புதுன்னு பளிச்சுனு தெரியுது. இது கிடைக்காம ஆபரேஷன் பண்ண மாட்டேன்னாரே டாக்டர், இனி தேதி குறிச்சிடுவாரு."

கிளாரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினான். "இந்த ஒரு ஃபிட்ஸுக்குத்தான்க்கா நாலு நாளா தவம் கிடந்தேன். இப்ப உன் கூட்டத்தை ஆரம்பிக்கச் சொல்லு."