கோமதியின் முதல் வாசகி

"ஏங்க, ஓடி வாங்க! என் கட்டுரைய ஒரு மனுஷி படிச்சிருக்காங்க!"

கோமதி போட்ட சத்தத்தில், அவள் கணவர் வேலாயுதம் தோசைக் கரண்டியோடு கூடத்துக்கு ஓடி வந்தார்.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கோமதி தற்காலிகத் தமிழ் விரிவுரையாளர். கட்டுரை எழுதி அனுப்பினால் ஆய்விதழின் இயந்திரமே படிக்கும், அதுவே பாராட்டும், அன்றைக்கே வெளியிட்டும் விடும். அவளுடைய கட்டுரைகள் எல்லாம் அப்படித்தான் வந்தன. ஆனால் ஒரு கட்டுரையையாவது முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் கடைசிவரை படித்திருந்தால்தான் வேலை நிரந்தரமாகும். அப்படி ஒருவர் கிடைக்காமலே பலர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார்கள்.

"யாரு படிச்சது?"

"காரைக்கால்ல ஒரு பேராசிரியை. கல்யாணப் பத்திரிகைகளோட மொழியப் பத்தி எழுதினேம்லா, அது."

"பாராட்டியிருக்காங்களா?"

"இல்லங்க! என் முடிவு சுத்தத் தப்பாம். அவங்க ஊருக் கல்யாணப் பத்திரிகைகள எடுத்து வச்சுக்கிட்டு, பத்தி பத்தியாக் கிழிச்சிருக்காங்க!"

சொல்லும்போதே அவள் முகம் பூரித்தது. வேலாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப வேலை நிரந்தரம்!"

"அது கெடக்கட்டும்." கோமதி பதில் எழுத நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தோசைய நீங்களே சாப்பிடுங்க. எத்தன வருஷம் கழிச்சுச் சண்டைக்கு ஒரு ஆளு கெடைச்சிருக்கு!"