ஆள்காட்டி

இறக்கை ஒடிந்த ஆள்காட்டிக் குருவி ஒன்று வெள்ளத்துரையின் காலடியில் விழுந்து துடித்தது. ஒரு பக்கத்து இறக்கை மண்ணில் இழுபட, கத்திக்கொண்டே கரிசல் தரையில் நகர்ந்து நகர்ந்து போனது.

அரிவாளோடு பின்னால் வந்த தம்பி மூக்காண்டி அதைப் பிடிக்கக் குனிந்தான்.

"விடுலே. நொண்டியெல்லாம் இல்ல, நடிக்கு" என்றான் வெள்ளத்துரை. "நமக்குப் பராக்குக் காட்டி அந்தப் பக்கம் இழுக்கப் பாக்குது. அது எங்கன இருந்து வந்துச்சோ, அங்கன பாக்கணும்."

பதினைந்து வருஷமாகக் காடைக்கும் முயலுக்கும் வலை கட்டுகிறவன் அவன். பத்தடி பின்னால் போய், சரளைக் கல்லோடு கல்லாக, கல்லின் நிறத்திலேயே கிடந்த நான்கு முட்டைகளைக் காட்டினான். பிறகு செருப்புக்காலால் ஒவ்வொன்றாக மிதித்தான். நொண்டிக்கொண்டிருந்த குருவி விருட்டென்று மேலே பறந்து அலறியது.

அவர்கள் தேடி வந்தது குருவியை அல்ல, சண்முகையாவை. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன். இவர்களுடைய தங்கை பேச்சித்தாயும் அவனும் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணத்துக்கு மனுக் கொடுத்த சேதி போன வாரம் தெரிந்துவிட்டது.

அப்பன் ஆத்தா செத்தபின் மூன்று அண்ணன்மாரும் அவளும் மட்டும் இருந்த வீடு அது. அவளை ரத்தம் வர அடித்து மச்சில் போட்டுப் பூட்டி, கடைசி அண்ணன் சின்னவனைக் காவலுக்கு வைத்தார்கள். அவன் தலையை எடுப்பதுதான் பாக்கி. கரிவலம்வந்தநல்லூர் ரோட்டுக்கு மேற்கே, ஓடைக்கரையில் உடைமுள் மரங்கள் அடர்ந்த உடங்காட்டில் அவன் பதுங்கியிருக்கிறான் என்று காலையில்தான் காதில் விழுந்திருந்தது.

உடைமரங்களுக்குள் சலசலப்புக் கேட்டது. முள்ளை விலக்கிக்கொண்டு சண்முகையாவின் அக்கா முருகம்மாள் வெளியே வந்தாள். அந்தக் காட்டிலேயே ஆடு மேய்த்து வளர்ந்தவள். இவர்களைக் கண்டதும் "அய்யோ" என்று கத்திவிட்டு, வலது காலை இழுத்து இழுத்து வடக்கே ஓடினாள்.

மூக்காண்டி நாலே எட்டில் போய் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். அவள் கையிலிருந்த தூக்குச்சட்டி உருண்டு சோறு கொட்டியது. இரண்டு ஆள் சாப்பிடுகிற சோறு.

"எங்கட்டி உன் தம்பி?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. முள்ளு ஏறி நடக்க மாட்டாம கிடக்கேன். விட்டுருங்க."

மூக்காண்டி அரிவாளை ஓங்கினான். அவள் அவன் கையைக் கடித்துவிட்டு எழுந்து, மறுபடியும் வடக்கே ஓடினாள். இந்தத் தடவை இழுபட்டது இடது கால்.

வெள்ளத்துரை குறுக்கே பாய்ந்து அவளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"பாத்தியாலே? கால் மாறிப்போச்சு! இவ நம்மளை அங்கன இழுக்கா. பய இந்த உடங்காட்டுக்குள்ளதான் கிடக்கான்."

"ரெண்டு பேரு எப்படிண்ணே இம்புட்டுப் பெரிய காட்டை வளைக்க?"

"சைக்கிள்ல போயி சின்னவனைக் கூட்டிட்டு வா. நாய் ரெண்டையும் அவுத்துட்டு வா. அதுவரைக்கும் இவளை நான் பாத்துக்கிடுதேன்."

அவள் இடுப்பில் சுற்றியிருந்த ஆட்டுக் கயிற்றாலேயே, உடங்காட்டை விட்டுத் தள்ளி நின்ற ஒரு மரத்தோடு அவளைக் கட்டினான். கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு தடவை அவள் "தெரியாது" என்றபோதும் அரிவாளின் பின்பக்கம் அவள்மேல் இறங்கியது. தோள், விலா, முழங்கால். முழங்காலில் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள் உடங்காட்டைப் பார்த்துக் கதறினாள்.

"தம்பி, வெளிய வந்துராதலே!"

அதற்குமேல் வெள்ளத்துரைக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மூக்காண்டியும் சின்னவனும் நாய்களோடு வந்து சேர்ந்தார்கள். நாய்கள் உடங்காட்டுக்குள் புகுந்து குரைத்தன, சுற்றின, வெறுமனே திரும்பி வந்தன. "மரத்து மேல ஏறியிருப்பான்" என்ற வெள்ளத்துரை தீப்பெட்டியை எடுத்தான். பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்த சருகு. ஓர் உரசல் போதுமாயிருந்தது.

ஓடைப் பக்கம் ஒருவன், மேட்டில் ஒருவன், ரோட்டுப் பக்கம் ஒருவன் என்று அரிவாளை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். முதலில் இரண்டு முயல்கள் வந்தன. அப்புறம் ஒரு கீரி. முதுகு வெந்த உடும்பு ஒன்று தள்ளாடி வந்தது. புகைக்குள்ளிருந்து எது வந்தாலும் வெட்டினார்கள். சின்னவன் அவசரத்தில் தன் நாயையே வெட்டிவிட்டான். ராஜபாளையம் போகிற பஸ் ரோட்டை மறைத்த புகைக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே மெதுவாகக் கடந்து போனது.

உச்சிவேளையில் உடங்காடு முழுக்கச் சாம்பல். மூன்று பேரும் அதைக் கம்பால் கிளறிப் பார்த்தார்கள். மனுஷ எலும்பு ஒன்றுகூட இல்லை.

கரி படிந்த முகத்தோடு வெள்ளத்துரை மரத்தடிக்கு வந்தான். இப்போது அரிவாளை முன்பக்கம் திருப்பிப் பிடித்திருந்தான்.

"கடைசித் தடவை கேக்கேன். எங்கட்டி அவன்?"

முருகம்மாள் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள். வலது கால் இப்போது நிஜமாகவே ஒடிந்து தொங்கியது. ஆனாலும் அன்றைக்கு முதல்முறையாக அவள் அவன் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"மூணு பேரும் இங்கன நிக்கியளே அண்ணாச்சி, வீட்டுல யாரு இருக்கா?"